எழுத்து தெரியுது, சேத்துப் படிக்கறதுக்குள்ள மறந்துபோகுது

(செப்டம்பர் 8, எழுத்தறிவு நாள் கூட்டத்துல பேசினது. ரெக்கார்டிங்க கேட்டு அப்படியே எழுதியிருக்கேன்.)

எல்லாருக்கும் வணக்கம். முன் வரிசையில அறிவொளியில, அதான் 90கள்ல பெரியவங்களுக்கு எழுத்து சொல்லிக்குடுத்த இயக்கத்துல, எங்கூட வேலை பாத்தவங்க ரெண்டு மூணு பேர் உக்காந்திருக்காங்க, அவங்கள பாத்ததும் மனசுக்கு நிறைவா இருக்கு. நான் சொல்லப்போறதுல பாதி அவங்களும் கண்ணால பாத்ததுதான், எங்கயாவது தப்பா சொன்னா கை தூக்குங்க.

எனக்கு அப்ப 21 வயசு. 1991. புதுக்கோட்டை மாவட்டத்துல கல்குவாரிய ஒட்டின ஒரு ஊர்ல ராத்திரி வகுப்பு எடுத்தேன். பகலெல்லாம் ஜல்லி உடைச்சுட்டு வந்து, சோறாக்கி, புள்ளைங்களுக்குப் போட்டுட்டு, எட்டு எட்டரைக்கு சிலேட்டும் குச்சியுமா வந்து உக்காருவாங்க. அரிக்கேன் விளக்கு. கையெல்லாம் காப்பு காச்சிருக்கும், குச்சிய புடிச்சா அது வழுக்கும். அதுல ஒரு அக்கா, அப்ப அவங்களுக்கு முப்பத்தஞ்சு வயசு இருக்கும், மூணு புத்தகமும் முடிச்சாங்க, பரீட்சை எழுதினாங்க, பாஸ் பண்ணாங்க. மாவட்டமே முழு எழுத்தறிவு மாவட்டம்னு 92ல அறிவிச்சப்ப அந்த ஊர்லேருந்து வேன்ல போனவங்கள்ல அவங்களும் ஒருத்தங்க.

ரெண்டு வருஷம் கழிச்சு வேற வேலையா அந்தப் பக்கம் போனேன். அக்காவ பாத்தேன். கையில பத்திரிகை சுத்தின பொட்டலம் இருந்துச்சு, படிங்கக்கான்னேன். அவங்க முயற்சி பண்ணாங்க. நாலஞ்சு எழுத்து போனதும் நிறுத்திட்டு ஒண்ணு சொன்னாங்க, "எழுத்து தெரியுது தம்பி, சேத்துப் படிக்கறதுக்குள்ள முன்னாடி படிச்சது மறந்துபோகுது."

நான் என்ன நெனச்சேன்னா, சரி, இவங்க பழக்கத்த விட்டுட்டாங்க, அக்கறை இல்ல போலன்னு. அப்படி நெனச்சதுக்கு இன்னைக்கு வரைக்கும் வருத்தப்படறேன். ஏன்னா அவங்க அன்னைக்கு சொன்ன அந்த ஒத்த வரிதான் வயது வந்தோர் கல்வி பத்தின ஆராய்ச்சியில ரொம்ப முக்கியமான கண்டுபிடிப்புன்னு எனக்குத் தெரிய பல வருஷம் ஆச்சு. இன்னைக்கு நான் பேசப்போறது முழுக்க அந்த ஒரு வரிய பத்தித்தான்.

உலக வங்கியில வேலை பாத்த ஹெலன் அபாட்ஸின்னு ஒரு ஆராய்ச்சியாளர். பல நாட்டுல முதியோர் கல்வித் திட்டம் ஏன் கரைஞ்சு போகுதுன்னு தேடினவங்க. மத்தவங்க எல்லாம் ஆசிரியருக்கு சம்பளம் இல்ல, வகுப்புக்கு ஆள் வரல, பணம் ஒதுக்கல அப்படின்னு வெளிய காரணம் தேடினப்ப அவங்க படிக்கறவரோட மண்டைக்குள்ள என்ன நடக்குதுன்னு பாத்தாங்க. அவங்க சொல்றது இதுதான்: நாம படிக்கற வார்த்தையெல்லாம் முதல்ல ஒரு சின்ன இடத்துலதான் தங்குது, உடனடி ஞாபகம்னு வச்சுக்கலாம். ரொம்ப சின்ன இடம் அது, சுமார் 12 செகண்ட்தான் புடிச்சு வச்சுக்கும்னு அவங்க எழுதறாங்க. அந்த நேரத்துக்குள்ள ஒரு வாக்கியம் முடிஞ்சாத்தான் அதுக்கு அர்த்தம் வரும். முடியலைன்னா முன்னாடி படிச்சது வழிஞ்சு போயிடும், கடைசி வார்த்தைக்கு வரும்போது முதல் வார்த்தை இருக்காது. அதனால புரிஞ்சு படிக்கணும்னா நிமிஷத்துக்கு 45லேருந்து 60 வார்த்தையாவது ஓடணும்ங்கறாங்க.

இப்ப ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. நிமிஷத்துக்கு 10 வார்த்தை படிக்கறவங்களுக்கு 12 செகண்டுல ரெண்டே வார்த்தை. ரெண்டு வார்த்தையில எந்த செய்தி முடியும்? "சேத்துப் படிக்கறதுக்குள்ள மறந்துபோகுது." ஜல்லி உடைக்கற அக்கா சொன்னதும் உலக வங்கி ஆராய்ச்சியாளர் எழுதினதும் ஒண்ணேதான். அந்தப் பக்கத்த நான் முதல்ல படிச்ச அன்னைக்கு ராத்திரி தூங்கல.

இன்னொன்னு. 1988ல ஆரம்பிச்ச தேசிய எழுத்தறிவு இயக்கம் யாரு எழுத்தறிவு பெற்றவங்கன்னு ஒரு அளவுகோல் வச்சிருந்துச்சு, அறிவொளியில இருந்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். வாய்விட்டுப் படிச்சா நிமிஷத்துக்கு 30 வார்த்தை, மனசுக்குள்ள படிச்சா 35, பாத்து எழுதினா 7, சொல்லச்சொல்ல எழுதினா 5, அப்புறம் நூறு வரைக்கும் எண், கூட்டல் கழித்தல். இதுக்கு மூணு புத்தகம், சுமார் 200 மணி நேரம். 30 வார்த்தைங்கறது 12 செகண்டுக்கு ஆறு வார்த்தை, அதாவது கரையோரம். கொஞ்சம் கால் வழுக்கினா உள்ள விழுந்துருவாங்க. அந்த 30ஐயும் எல்லாரும் தொட்டாங்களான்னு கேட்டா, நான் பரீட்சை தாள் திருத்தினவன், நெஞ்சுல கை வச்சு சொல்றேன், தொடல. தொட்டவங்களும் சான்றிதழ் வாங்கின மறுநாள்லேருந்து படிக்கறதுக்கு ஒண்ணும் இல்லாம இருந்தாங்க.

வயசானா மூளை மங்கிரும், ஐம்பதுல வளையுமான்னு கேக்கறவங்க நிறைய. அவங்களுக்கு ஒரு உதாரணம் சொல்றேன். இங்க சபரிமலைக்குப் போனவங்க இருப்பீங்க. மலையாள எழுத்து கொஞ்சம் கத்துக்கிட்டவங்களும் இருப்பீங்க. பஸ்ஸு வருது, போர்டு படிக்கறீங்க, ஒவ்வொரு எழுத்தா கூட்டி முடிக்கறதுக்குள்ள பஸ் போயிடும். நீங்க எம்ஏ படிச்சிருக்கலாம், பேங்க் மேனேஜரா இருக்கலாம், மலையாள எழுத்துக்கு முன்னாடி நீங்களும் அந்த அக்காவும் ஒண்ணு. பெரியவங்க ஆனப்புறம் புது எழுத்து கத்துக்கிட்டா அத எழுத்து எழுத்தாத்தான் கண்ணு பாக்கும், சின்ன வயசுல கத்துக்கிட்டவங்களுக்கு மாதிரி ஒரே பார்வையில வார்த்தையா வந்து விழாதுன்னு அபாட்ஸி பல நாட்டு ஆதாரத்தோட சொல்றாங்க. இதுக்கும் புத்திசாலித்தனத்துக்கும் சம்பந்தமே கிடையாது.

கத்துக்கவே முடியாதான்னா அதுவும் தப்பு. 2017ல வெளிவந்த ஒரு ஆய்வு இருக்கு, லக்னோ பக்கத்து கிராமத்துல எழுதப் படிக்கத் தெரியாத, முப்பது வயச ஒட்டினவங்கள கூப்பிட்டு ஆறு மாசம் தேவநாகரி சொல்லிக்குடுத்து, முன்னாடியும் பின்னாடியும் மூளைய ஸ்கேன் பண்ணிப் பாத்தாங்க. மூளையோட மேல் பகுதியில மட்டும் இல்லாம உள்ளுக்குள்ள ஆழத்துல, தலாமஸ், மூளைத்தண்டு வரைக்கும் மாற்றம் தெரிஞ்சுச்சு. ஆறே மாசம். மனுஷ மூளை அவ்வளவு இளக்கமா இருக்கு. ஆக கதவு மூடல, ஆனா உள்ள போய் நடமாடறதுக்கு காலம் வேணும், அந்தக் காலத்த நாம குடுக்கல. என் பேச்சுல இது ஒண்ணு ஞாபகம் இருந்தா போதும்.

நம்ம தமிழ் எழுத்த பத்தி ஒரு நிமிஷம். 247ன்னு பயமுறுத்தறாங்க, நான் அத பெரிய கஷ்டமா பாக்கல, ஒரு ஒழுங்கு இருக்கு, பிடிச்சா வந்துரும். கஷ்டம் வேற இடத்துல. "கொ"ன்னு எழுதறோம், கொம்பு முன்னாடி நிக்குது, க நடுவுல, கால் பின்னாடி. வாய் முதல்ல க-வ சொல்லணும், கண்ணு முதல்ல கொம்ப பாக்குது. சின்னப் புள்ளைங்க இத ஆயிரம் தடவை பாத்துப் பழகிடும். பகல் பூரா வேலை பாத்துட்டு வந்தவங்களுக்கு ஒவ்வொரு "பொட்டு"ம் "கோழி"யும் ஒரு முடிச்சு. "கௌ"வுல பின்னாடி வர்றது "ள" மாதிரியே இருக்கு, அத "கெள"ன்னு படிச்சா நாம திருத்தறோம், ஆனா அவங்க பாத்தத சரியாத்தான் படிச்சாங்க. ண, ன, ந மூணும் காதுக்கு கிட்டத்தட்ட ஒண்ணு. அப்புறம் நம்ம வார்த்தையோட நீளம், "போய்க்கொண்டிருக்கிறார்கள்" அப்படின்னு ஒரு வார்த்தை பாடப்புத்தகத்துல இருக்கும், பேசறப்ப "போய்ட்டிருக்காங்க". அவங்க வாயில இல்லாத ஒரு வார்த்தைய அவங்க எப்படி முன்கூட்டி யூகிப்பாங்க? முதல் புத்தகமாவது அவங்க பேசற தமிழ்ல இருக்கணும்னு நான் அப்பவும் சொன்னேன், இப்பவும் சொல்றேன்.

இப்ப கொஞ்சம் வெளிய போவோம், ஆப்பிரிக்காவுக்கு. லைபீரியாவுல வாய்னு ஒரு இனம், நம்ம பேசற வாய் இல்ல, அவங்க பேரே அப்படி. 1830கள்ல அவங்கள்ல ஒருத்தர், மொமொலு துவாலு புகேலேன்னு பேரு, தங்களோட மொழிக்குன்னு சொந்தமா ஒரு எழுத்து முறைய உண்டாக்கினாரு. இருநூறுக்கு மேல எழுத்து, ஒவ்வொண்ணும் ஒரு அசை, நம்ம உயிர்மெய் மாதிரி. இதுக்கு பள்ளிக்கூடம் கிடையாது. மாமாவோ சிநேகிதனோ சாயங்காலம் உக்கார வச்சு சொல்லிக்குடுப்பாரு, சில மாசத்துல வந்துரும். 1970கள்ல சில்வியா ஸ்க்ரிப்னர், மைக்கேல் கோல்னு ரெண்டு அமெரிக்க உளவியலாளர்கள் அங்க போய் வருஷக்கணக்குல வேலை பாத்தாங்க. ஏன்னா உலகத்துலயே அபூர்வமான இடம் அது, பள்ளிக்கூடம் இல்லாம எழுத்து மட்டும் தெரிஞ்சவங்க, குரான் மூலமா அரபி படிச்சவங்க, பள்ளிக்கூடம் போய் இங்கிலீஷ் படிச்சவங்க, எதுவுமே படிக்காதவங்க, எல்லாரும் ஒரே சனம்.

அதுக்கு முன்னாடி பெரிய பெரிய அறிஞர்கள் என்ன சொல்லிட்டிருந்தாங்கன்னா எழுத்து வந்தாத்தான் மனுஷனுக்கு தர்க்கமே வரும்னு. ரஷ்யாவுல லூரியான்னு ஒரு உளவியலாளர் 1931-32ல உஸ்பெகிஸ்தான் பக்கம் போய் எழுதப் படிக்கத் தெரியாத விவசாயிங்ககிட்ட கேட்டாரு, வடக்கே பனி இருக்கற ஊர்ல எல்லா கரடியும் வெள்ளை, நோவாயா ஜெம்ல்யா வடக்கே இருக்கு, அங்க கரடி என்ன நிறம்னு. அவங்க சொன்ன பதில், எனக்குத் தெரியாது, நான் கருப்புக் கரடிதான் பாத்திருக்கேன், ஒவ்வொரு ஊருக்கும் அதது மிருகம்னு. இத வச்சு அவங்களுக்கு யோசிக்க வரலைன்னு எழுதினாங்க. எங்க அப்பத்தாகிட்ட கேட்டாலும் இதே பதில்தான் வந்திருக்கும். பாக்காத விஷயத்த பாத்த மாதிரி சொல்லக்கூடாதுன்னு வளந்தவங்க அவங்க, அதுக்குப் பேரு நேர்மை.

ஸ்க்ரிப்னரும் கோலும் சோதிச்சுப் பாத்தப்ப, வெறும் எழுத்து தெரிஞ்சதால பொதுவா மூளை மாறிடல. ஏன் அப்படி சொல்றேன்னு விளக்கிப் பேசற திறமை பள்ளிக்கூடம் போனவங்ககிட்ட அதிகமா இருந்துச்சு, அது பள்ளிக்கூடம் குடுத்த பழக்கம். வாய் எழுத்து தெரிஞ்சவங்க எதுல தேறியிருந்தாங்கன்னா அந்த எழுத்த வச்சு அவங்க தினம் செய்யற வேலைக்கு ஒட்டின விஷயத்துல. வாய் எழுத்துல வார்த்தைக்கு நடுவுல இடைவெளி விடமாட்டாங்க, நம்ம ஓலைச்சுவடியும் அப்படித்தானே, புள்ளியும் கிடையாது இடைவெளியும் கிடையாது, வாய்விட்டுச் சொல்லி காதால கேட்டுத்தான் பிரிக்கணும். அதனால பிரிச்சுக் குடுத்த அசைகள காதால கேட்டு சேக்கறதுல அவங்க கெட்டி. கடிதம் எழுதிப் பழகினவங்க, எதிர்ல இல்லாத ஆளுக்குப் புரியற மாதிரி ஒரு விளையாட்டோட விதிய விளக்கறதுலயும் கெட்டி.

எனக்கு இந்த ஆய்வுல புடிச்சது அது இல்ல. சான்றிதழ் இல்லாம, சம்பளம் வாங்கற வாத்தியார் இல்லாம, திட்டம் இல்லாம, ஒரு எழுத்து நூத்தி நாப்பது வருஷமா எப்படி உயிரோட இருந்துச்சு? வெளியூர்ல வேலைக்குப் போன தம்பிக்கு கடுதாசி எழுதணும், கடன் கணக்கு எழுதணும், சாவு வீட்டுக்கு யாரு என்ன குடுத்தாங்கன்னு குறிச்சு வைக்கணும், நம்ம மொய் நோட்டு மாதிரி. எழுத்துக்கு வேலை இருந்துச்சு, அதனால இருந்துச்சு.

நம்ம பக்கம் எழுத்துக்கு என்ன வேலை குடுத்தோம்? நான் அறிவொளிய குறை சொல்ல வரல. என் வாழ்க்கையில நான் செஞ்ச நல்ல காரியம்னா அதுதான். எர்ணாகுளம் மாவட்டம் 1990ல முதல்ல முழு எழுத்தறிவுன்னு அறிவிச்சாங்க, அடுத்த வருஷம் கேரளா முழுக்க, அந்த நெருப்புதான் இங்க வந்துச்சு. புதுக்கோட்டையில ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்தாங்க, கல்குவாரி குத்தகைய அங்க கூலி வேலை பாத்த பெண்கள் குழுவுக்கே குடுத்தாங்க. சைக்கிள் கதை எல்லாருக்கும் தெரியும், ஆயிரம் ஆயிரமா பெண்கள் சைக்கிள் கத்துக்கிட்டாங்க, லேடீஸ் சைக்கிள் கிடைக்காம ஜென்ட்ஸ் சைக்கிள வாங்கி முன் பார்ல புள்ளைய உக்கார வச்சு ஓட்டினாங்க. ஆந்திராவுல நெல்லூர் மாவட்டத்துல, துபகுண்டான்னு ஒரு ஊரு, 1992ல எழுத்தறிவுப் பாடத்துல வந்த ஒரு கதைய படிச்சு, பேசி, இது நம்ம கதை இல்லன்னு சொல்ல முடியாம எழுந்து போய் சாராயக் கடைய மூடினாங்க பெண்கள், அது பரவி 1993 அக்டோபர்ல மாநிலம் முழுக்க சாராயத்துக்கே தடை வந்துச்சு. ஒரு பாடப்புத்தகத்தோட ஒரு பாடத்துக்கு அப்படி ஒரு பலம்.

இதெல்லாம் உண்மை, பெருமை. ஆனா சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டது மறக்கல பாருங்க, படிச்சது மறந்துச்சு. ஏன்னா சைக்கிள் மறுநாளும் தேவைப்பட்டுச்சு, தண்ணி எடுக்க, சந்தைக்குப் போக, புள்ளைய பள்ளிக்கூடத்துல விட. படிக்கறதுக்கு மறுநாள் எதுவும் இல்ல. தொடர்கல்வி மையம்னு காகிதத்துல வந்துச்சு, நான் பாத்த பல ஊர்ல அது ஒரு பூட்டின பீரோவாத்தான் இருந்துச்சு.

பிரேசில்லயும் இதே கேள்விதான். பாவ்லோ ஃப்ரெய்ரேன்னு ஒரு கல்வியாளர் 1963ல அங்கிகோஸ்ங்கற சின்ன ஊர்ல சுமார் 300 பேருக்கு 40 மணி நேரத்துல எழுத்து சொல்லிக்குடுத்தது உலகம் பூரா பேசற விஷயம், கடைசி வகுப்புக்கு அந்த நாட்டு ஜனாதிபதியே வந்து உக்காந்தாரு. மக்களோட வாயில ஏற்கெனவே இருக்கற வார்த்தையிலேருந்து ஆரம்பிக்கறது அவரோட முறை. செங்கலுக்கு அங்க "திஜோலோ"ன்னு பேரு, கட்டட வேலை செய்யறவங்களுக்கு தினம் கையில புழங்கற வார்த்தை, அத எடுத்து செங்கல் யாரு செய்யறா, யாரு வீட்டுக்குப் போகுதுன்னு முதல்ல பேசவிட்டு, அப்புறம் அசையா பிரிச்சு, ஒவ்வொரு அசைக்கும் அதோட குடும்பத்த விரிச்சு, அதாவது நம்ம க கா கி கீ வரிசை மாதிரி, அதுலேருந்து புது வார்த்தைய அவங்களே செய்வாங்க. அறிவொளியில "பட்டா", "படி"ன்னு நாங்க ஆரம்பிச்சதெல்லாம் அந்த வழிதான். 1964ல ராணுவம் ஆட்சிய புடிச்சதும் திட்டத்த நிறுத்தி அவர ஜெயில்ல போட்டுட்டாங்க, அப்புறம் நாட்ட விட்டே போக வேண்டியதாச்சு. அதனால 40 மணி நேரத்துக்கு அப்புறம் தொடர்ந்து நடந்திருந்தா என்னாகியிருக்கும்னு பாக்கற வாய்ப்பே இல்லாம போச்சு. அவரோட முறைய நான் தலையில வச்சுக் கொண்டாடறேன், ஆனா "40 மணி நேரம்"ங்கற அந்த எண்ண மட்டும் புடிச்சுக்கிட்டு திட்டம் போடறவங்கள பாத்தா பயமா இருக்கு.

கணக்கெடுப்பு பத்தி வேகமா சொல்லிடறேன். 2011 சென்சஸ்ல எழுத்தறிவு இந்தியாவுல சுமார் 73 சதவீதம், தமிழ்நாட்டுல 80.09. வீட்டுக்கு வர்றவங்க குடும்பத் தலைவர்கிட்ட கேப்பாங்க, இவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியுமான்னு, ஆமான்னா ஆமா. யாரும் படிச்சுக் காட்டச் சொல்றதில்ல. பிரிஜ் கோத்தாரின்னு ஒரு ஆராய்ச்சியாளரும் இன்னொருத்தரும் பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் நாலு மாநிலத்துல ரெண்டும் செஞ்சு பாத்தாங்க, 2010ல வெளியிட்டாங்க. சென்சஸ் மாதிரி வாயால கேட்டா 68.7 சதவீதம் பேருக்கு படிக்கத் தெரியும். ரெண்டாங்கிளாஸ் அளவுல ஒரு பத்தி குடுத்து படிங்கன்னா சரளமா படிச்சது 26 சதவீதம். நடுவுல இருக்கறவங்கள்ல நிறைய பேர் எங்க அக்கா மாதிரி, எழுத்து தெரியும், சேத்துப் படிக்க முடியாது.

ஆனா அதே கோத்தாரி ஒரு வழியும் காட்டினாரு. டிவியில வர்ற சினிமா பாட்டுக்கு அதே மொழியில வரிய கீழ ஓடவிடுங்க, பாட ஆரம்பிக்கறப்ப அந்தந்த வார்த்தை நிறம் மாறட்டும்னு சொன்னாரு. 1999ல குஜராத்தி பாட்டுக்கு ஆரம்பிச்சு அப்புறம் தூர்தர்ஷனோட ஹிந்தி சினிமா பாட்டு நிகழ்ச்சி சித்ரஹார் வரைக்கும் போச்சு. இதுல சூட்சுமம் என்னன்னா பாட்டு மனப்பாடம். அடுத்த வார்த்தை என்னன்னு வாய்க்கு முன்னாடியே தெரியும், அதனால கண்ணு தடுக்காம ஓடும், அர்த்தம் 12 செகண்டுல வழியாது. படிக்கணும்னு உக்காராமலே படிப்பு நடக்குது, வாரா வாரம், வருஷக்கணக்குல, காசு செலவில்லாம. நம்ம ஊர்ல பாட்டு கேக்காத வீடு உண்டா? நம்ம சேனல்ங்க இத ஏன் ஒரு வழக்கமா செய்யக்கூடாதுன்னு நான் பல மேடையில கேட்டுட்டேன், இந்த மேடையிலயும் கேக்கறேன்.

அடுத்து நைஜர். நைஜீரியா இல்ல, அதுக்கு மேல இருக்கற நைஜர், உலகத்துலயே ரொம்ப ஏழ்மையான நாடுகள்ல ஒண்ணு. 2009லேருந்து ஜென்னி ஏக்கர்னு ஒரு பொருளாதார ஆராய்ச்சியாளரும் அவங்க கூட்டாளிங்களும் 113 கிராமத்துல ஒரு ஆய்வு பண்ணாங்க. எல்லா ஊருக்கும் ஹவுசா, ஸர்மா மொழியில முதியோர் வகுப்பு, விவசாய வேலை இல்லாத மாசத்துல மட்டும். அதுல பாதி ஊருக்கு கூடுதலா ஒரு விஷயம், சாதாரண பட்டன் போன், நாலஞ்சு பேருக்கு ஒண்ணு, அத எப்படி உபயோகிக்கறது, எப்படி எஸ்எம்எஸ் அனுப்பறதுன்னு. ஸ்மார்ட்போன் கிடையாது, ஆப் கிடையாது. போன் கத்துக்கிட்ட ஊர்க்காரங்க எழுத்துலயும் கணக்குலயும் முன்னாடி போனாங்க. வகுப்பு முடிஞ்சு 7 மாசம் கழிச்சு திரும்பப் போய் பாத்தப்பவும், குறிப்பா கணக்குல, அவங்க முன்னாடியே இருந்தாங்க. காரணம் ரொம்ப எளிமை, அங்க போன்ல பேசறதுக்கு காசு அதிகம், எஸ்எம்எஸ்ஸுக்கு கம்மி. வெளியூர் போன மகனுக்கு செய்தி சொல்லணும்னா எழுதித்தான் ஆகணும். வாய் மக்களோட கடுதாசிதான் இது, பட்டன் போன்ல.

நம்ம ஊர் நெலமை தலைகீழ். பேசறது கிட்டத்தட்ட இலவசம், வாட்ஸப்ல வாய்ஸ் மெசேஜ் வந்திருச்சு, படிக்கத் தெரியாதவங்களுக்கு அது பெரிய வரம்தான், நான் மறுக்கல. ஆனா எழுத்துக்கு இருந்த ஒரு வேலையும் போச்சு. 100 நாள் வேலைக் கூலி பேங்குல ஏறுது, போனுக்கு மெசேஜ் வருது, இங்கிலீஷ்ல. தட்டுத்தடுமாறி தமிழ் கத்துக்கிட்ட ஒரு அம்மாவுக்கு அவங்களோட சொந்தக் காசு பத்தின செய்தி அவங்களால படிக்க முடியாத எழுத்துல வருது. ஒரு பேங்குல நான் கூடப் போயிருக்கேன், தமிழ்ல அனுப்ப முடியுமான்னு கேட்டோம், கவுன்டர்ல இருந்தவர் அந்த அம்மா பாஸ்புக்க திருப்பித் தள்ளிட்டு அடுத்த ஆள கூப்பிட்டாரு. தமிழ்ல அந்த ஒரு மெசேஜ் வந்தா மாசம் ஒரு தடவையாவது அவங்க உயிரக் குடுத்துப் படிப்பாங்க. அது எந்தப் பாடப்புத்தகத்தையும் விட நல்ல பாடம்.

வீட்ல ஒருத்தருக்கு படிக்கத் தெரிஞ்சா போதும்னு ஒரு வாதம் இருக்கு. கௌசிக் பாசு, ஜேம்ஸ் ஃபாஸ்டர்னு ரெண்டு பொருளாதார அறிஞர்கள் 1998ல எழுதினாங்க, படிச்சவரோட ஒரே வீட்ல இருக்கற படிக்காதவருக்கும் அந்தப் பலன்ல பங்கு கிடைக்கும்னு, பங்களாதேஷ் தகவல வச்சு பின்னாடி பாத்தப்பவும் கூலியில அது தெரிஞ்சுச்சு. உண்மைதான். ஆனா மருமக புருஷனுக்கு எழுதற கடுதாசிய மாமியார் சார்பா பக்கத்து வீட்டுப் பையன் படிச்ச காலம் எனக்குத் தெரியும், டாக்டர் எழுதிக்குடுத்தத மகன்கிட்ட காட்ட கூச்சப்பட்டு அப்படியே வச்சிருந்த அம்மாக்கள தெரியும். தன்னோடத தானே படிக்கறதுக்கு கூலிக் கணக்குல வராத ஒரு மதிப்பு இருக்கு.

சரி, அந்த அக்காகிட்ட வர்றேன். அபாட்ஸிய படிச்ச பிறகு தேடிக்கிட்டு போனேன். குவாரி மூடிட்டாங்க, அக்காவுக்கு மூச்சு வாங்குது, கல்தூசி. உங்க மேல ஒரு தப்பும் இல்லக்கா, இன்னும் ஒரு ரெண்டு வருஷம் கூட இருந்து படிக்க வச்சிருக்கணும், நாங்கதான் விட்டுட்டோம்னு சொன்னேன். அவங்க அத பெருசா எடுத்துக்கல. "இப்ப சொல்லித்தருவியா?"ன்னு கேட்டாங்க. என்ன படிக்கணும்னு கேட்டேன். உள்ள போய் ஒரு கல்யாணப் பத்திரிகைய எடுத்துட்டு வந்தாங்க. அண்ணன் மகன் கல்யாணம். "இதுல எம்பேரு போட்டிருக்கான்னு சொல்றானுங்க, எங்க போட்டிருக்கு, யாருக்கு மேல, யாருக்குக் கீழன்னு நானே பாக்கணும்."

அன்னைக்கு எனக்கு விளங்குச்சு. பத்திரிகையில இருக்கற அத்தனை பேரும் அவங்களுக்குத் தெரிஞ்ச பேரு, தெரிஞ்ச ஊரு, தெரிஞ்ச உறவுமுறை. சினிமா பாட்டு மாதிரிதான், வாய் முன்னாடியே போயிடும், கண்ணு பின்னாடி ஓடும். வாரத்துல ரெண்டு நாள் போனேன், பத்திரிகையா படிச்சோம். கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா, அப்புறம் சுவத்துல ஒட்டின கண்ணீர் அஞ்சலி போஸ்டர், முளைப்பாரி நோட்டீஸு. ஒரே பத்திரிகைய பத்து தடவை படிப்பாங்க, அலுக்கவே அலுக்காது, ஏன்னா ஒவ்வொரு பேருக்கும் ஒரு கதை சொல்லுவாங்க. எட்டாவது மாசம் கைக்கடிகாரத்த வச்சுப் பாத்தேன், பழகின பத்திரிகையில நிமிஷத்துக்கு நாப்பத தாண்டினாங்க. புதுசா குடுத்தா இருபது இருபத்தஞ்சு. எனக்கு அது போதும்னு தோணல, இன்னும் போய்ட்டுத்தான் இருக்கேன்.

இப்ப புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம்னு நடக்குது, 2022லேருந்து 2027 வரைக்கும் அஞ்சு கோடி பேருக்குன்னு இலக்கு. நல்லது. நம்ம ஊர் மையத்துலயும் போன தடவை பரீட்சை எழுதி பாஸ் பண்ணவங்க இருக்காங்க. அவங்களுக்கு அடுத்து ஒண்ணும் இல்ல, 92ல மாதிரியே. அதனால வர்ற ஞாயித்துக்கிழமையிலேருந்து, சாயங்காலம் நாலு மணிக்கு, இதே நூலகத்தோட பின்பக்க வராண்டாவுல ஜோடிப் படிப்பு ஆரம்பிக்கறோம். படிக்கத் தெரிஞ்ச ஒருத்தர், பாஸ் பண்ண ஒருத்தர், பக்கத்துல பக்கத்துல. ஒரு வருஷத்துக்கு வாரம் ஒரு மணி நேரம் வர முடியறவங்க மட்டும் பேரு குடுங்க, நாலு வாரம் வந்துட்டு நிக்கறவங்க தயவுசெஞ்சு வேண்டாம், அந்த வலிய அவங்க ஒரு தடவை பட்டாச்சு. நோட்டு வாசல்ல தங்கச்சிகிட்ட இருக்கு.

அப்புறம் எல்லார் வீட்லயும் பழைய பத்திரிகை கிடக்கும், கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, பூப்புனித நீராட்டு, கோயில் கும்பாபிஷேகம், எதுவானாலும். எடைக்குப் போட்டுடாதீங்க. செருப்பு விடற இடத்துக்குப் பக்கத்துல ஒரு அட்டைப்பெட்டி வச்சிருக்கோம், அடுத்த தடவை வரும்போது அதுல போட்டுட்டுப் போங்க. அவங்க சொந்தக்காரங்க வீட்டுப் பத்திரிகையா இருந்தா இன்னும் நல்லது, எந்த ஊர்னு மேல பென்சில்ல எழுதிடுங்க.